மஞ்சள் பூவுக்காக கோர்ஸ் நட வேண்டாம்

நுவரெலியாப் பக்கம் வீட்டு முற்றத்துக்கு மஞ்சள் பூச்செடி தேடுகிறவர்களுக்கு கோர்ஸ் புதரைக் கண்டால் ஆசை வருவது இயல்புதான். இலை தெரியாத அளவுக்குப் பூக்கும், தேங்காய் மணம் வேறு. என்றாலும் அதன் ஒரு விதையைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

மலையில் தானாக முளைப்பதால் நம் செடி என்று நினைப்பது முதல் தவறு. கோர்ஸின் தாயகம் மேற்கு ஐரோப்பா. வெள்ளைக்காரர் காலத்தில் அழகுக்காக வந்து, நம் குளிருக்கு ஒத்துப்போய், ஹோர்ட்டன் சமவெளியின் புல்வெளிக்குள்ளும் புகுந்துவிட்டது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. உயிர்வேலியாக நடலாம் என்று யாராவது சொன்னால் நியூசிலாந்தைச் சொல்லுங்கள்: அங்கே வேலிக்கு நட்டதுதான் மேய்ச்சல் நிலங்களையே விழுங்கியது.

ஏற்கெனவே தோட்டத்தில் இருந்தால்? கத்தியால் வெட்டிவிட்டுப் போவதுதான் பலரும் செய்வது. அடிக்கட்டையிலிருந்து முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். தீ வைப்பது அதைவிடக் கெடுதல். செடியில் எண்ணெய் இருப்பதால் மளமளவென்று எரிந்து பக்கத்துப் புல்லுக்கும் பரவும். அதோடு, மண்ணுக்குள் தூங்கும் விதைகளை அந்தச் சூடே எழுப்பிவிடும். சாம்பல் ஆறியதும் வெறும் தரையில் கன்றுகள் திரண்டு வரும். விதைகள் மண்ணில் முப்பது வருடத்துக்குக்கூட உயிரோடு கிடக்கும் என்பதால், ஒரு தடவை பிடுங்கினோம், சரி, முடிந்தது என்று விட்டுவிடவும் முடியாது. வருடா வருடம் அதே இடத்தைப் பார்க்க வேண்டும்.

கன்றுகளில் ஏமாறுவதும் உண்டு. வளர்ந்த செடி முழுக்க முள். இளங்கன்றுக்கோ மும்மூன்றாக மென்மையான இலைகள், ஏதோ தீவனப் பூண்டு போல இருக்கும். பிடுங்க வேண்டிய வயது அதுதான். மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது இழுத்தால் வேரோடு வரும். பெரிய செடி என்றால் காய் பிடிக்கும் முன்னர் தடித்த கையுறை போட்டு வேரைத் தோண்டி எடுங்கள். காய் முற்றினால் வெயிலில் வெடித்து விதையைச் சில மீட்டர் தூரம் எறியும். பிடுங்கியதை ஓடையில் போடாதீர்கள், விதை தண்ணீரோடு கீழே போய்விடும். சப்பாத்தில் ஒட்டிய சேற்றையும் அங்கேயே தட்டிவிடுங்கள்.

மஞ்சள்தான் வேண்டும் என்றால் நம் மலையில் இயற்கையாக வளரும் ஹைப்பரிக்கம் என்ற செடி இருக்கிறது. பெரிய ஐந்திதழ்ப் பூ, முள் கிடையாது. அதைத் தேசிய பூங்காவிலிருந்து தோண்டி எடுக்காதீர்கள், அது குற்றம். நாற்றுமேடையில் கேட்டுப் பாருங்கள்.