நானோ நிரப்பியும் பிளாஸ்டிக்கின் படிகமாதலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரப்பியாக நானோதுகள் சேர்த்தால் பிளாஸ்டிக்கின் படிகத்தன்மை (அதன் சங்கிலி மூலக்கூறுகள் ஒழுங்காக அடுங்கிய பகுதியின் பங்கு) கூடும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவதுதான் மற்றப் பிழைகளுக்கு வேர். துகளின் மேற்பரப்பில் படிகக் கருக்கள் எளிதில் உருவாவதால், குளிரும்போது படிகமாதல் உயர்ந்த வெப்பநிலையிலேயே தொடங்கிவிடுகிறது; ஆனால் தொடக்கம் முந்துவது வேறு, இறுதியில் எவ்வளவு பங்கு படிகமாகிறது என்பது வேறு. பாலிப்ரொப்பிலீனில் படிகமாதல் வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தும் படிகப் பங்கு அசையாமல் நிற்கலாம். துகள் மிகுந்தால் சங்கிலிகளின் நகர்வு தடைபட்டு, படிக வளர்ச்சி மெதுவாவதும் உண்டு.

கணக்கிடும்போது நிகழும் பிழை இன்னும் பரவலானது. மாதிரியைச் சூடேற்றி அது உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி கருவி தரும் உருகல் வெப்பம் மாதிரியின் மொத்த எடைக்கு உரியது; நிரப்பியோ உருகுவதில்லை. தூய பாலிப்ரொப்பிலீன் கிராமுக்கு 100 ஜூலும், 5 விழுக்காடு நிரப்பி கலந்தது 95 ஜூலும் காட்டினால் படிகத்தன்மை குறைந்ததாகத் தோன்றும், 95-ஐ 0.95-ஆல் வகுத்தால் அதே 100 வந்து நிற்கும். முழுவதும் படிகமான பாலிப்ரொப்பிலீனுக்குரிய 207 ஜூலால் வகுத்துப் படிகப் பங்கைப் பெறுவது இதற்குப் பிறகுதான். பாலிலாக்டிக் அமிலத்தில், சூடேற்றும்போதே புதிதாகப் படிகமாகும் பகுதியின் வெப்பத்தைக் கழிக்க மறந்தால், அளவீட்டின்போது உருவான படிகமும் மாதிரியில் முன்பே இருந்ததாகக் கணக்கில் ஏறிவிடும்.

எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். கலவையை எக்ஸ்ட்ரூடர் என்னும் உருக்கித் தள்ளும் இயந்திரத்தில் உருக்கிக் கலந்துவிட்டு, கலக்கப்படாத மூலக் குருணையோடு ஒப்பிடுவது நியாயமன்று. உருக்கும்போது சங்கிலிகள் அறுந்து குட்டையானாலே படிகமாகும் வேகம் மாறக்கூடும். துகளைப் பிணைக்கச் சேர்க்கும் மாலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிப்ரொப்பிலீனும் படிகமாதலைப் பாதிக்கவல்லது. ஆகவே அது மட்டும் சேர்ந்த மாதிரி ஒன்றும், அதே எக்ஸ்ட்ரூடர் வழியாகச் சென்ற தூய மாதிரி ஒன்றும் தேவை. இவ்விரண்டும் இல்லாத ஆய்வின் முடிவை நான் ஐயத்துடனேயே படிப்பேன்.

துகள்கள் திரண்டு கட்டியாகிவிட்டால் மேற்பரப்பு சுருங்கி, கருவாக்கமும் குன்றும். எனவே பரவலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்காமல் நிரப்பியின் அளவை மட்டும் கூட்டுவது வீண். படிகத்தின் அளவோடு வகையும் மாறலாம்: நைலான் 6-இல் களிமண் அடுக்குகள் ஆல்ஃபா வடிவத்துக்குப் பதிலாகக் காமா வடிவத்தை ஊக்குவிக்கின்றன, இதை எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலே தெளிவாகக் காட்டும்.