லிமா போகிறீர்களா? செவிச்சேயை மதியமே முடித்துவிடுங்கள்

வெப்பமண்டல ஊர்தானே என்று மெல்லிய சட்டையோடு ஜூலையில் பெருவின் லிமாவில் போய் இறங்காதீர்கள். கரையோரம் ஓடும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டத்தால் ஜூன் முதல் அக்டோபர் வரை வானம் சாம்பல் பூசியதுபோலவே கிடக்கும். 'கருவா' எனும் பொடித்தூறல் வேறு. குடை தேவையில்லை, ஸ்வெட்டர் வேண்டும். அங்கேயே வாங்கலாம், ஆனால் அல்பாக்கா எனும் மலைவிலங்கின் கம்பளி என்று சொல்லி, அக்ரிலிக் எனும் செயற்கை இழையைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அசல் அல்பாக்கா தொட்டால் சற்றுக் குளிர்ச்சியாக, வழுவழுப்பாக இருக்கும். ரொம்ப மலிவாகச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

அப்புறம் செவிச்சே. பச்சை மீன் துண்டுகளை எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாயில் புரட்டுவார்கள்; கண்ணெதிரே மீன் வெளுத்துவிடும். மேலே வெங்காயம், பக்கத்தில் வேகவைத்த சர்க்கரைவள்ளி, வறுத்த சோளம். காலையில் வந்த மீன் என்பதால் இது மதியச் சாப்பாடு. பல கடைகள் சாயங்காலமே மூடிவிடும். எலுமிச்சை மீனை வெளுக்க வைக்குமே தவிர, நெருப்பைப்போலக் கிருமியைக் கொல்லாது. அதனால் கூட்டம் மொய்க்கும் கடையாகப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம். தட்டில் மிஞ்சும் புளிப்புச் சாற்றுக்கு 'புலிப்பால்' என்று பெயர். அதைக் கரண்டியால் வழித்துக் குடிக்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.