குளிர்ந்த ஓடை உளுவையை வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் முறை

ரைனோகோபியஸ் டுயோஸ்பிலஸ் என்னும் சிறிய உளுவை, ஹாங்காங், தென்சீனம், வட வியட்நாம் பகுதிகளின் மலையோடைகளில், கற்களுக்கிடையே வாழ்கிறது. ஏறத்தாழ 5 செ.மீ. வரையே வளரும் இம்மீனின் அடித்துடுப்புகள் இரண்டும் ஒன்றிணைந்து உறிஞ்சும் வட்டாக மாறியிருப்பதால், வேகமாக ஓடும் நீரிலும் பாறையைப் பற்றிக்கொண்டு நிற்க அதனால் முடிகிறது.

மீனை வாங்குவதற்கு முன்பே தண்ணீரின் குளிர்ச்சிக்கு வழி செய்துவிட வேண்டும். 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை இதற்கு உகந்தது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும், அதே வேளையில் மீனின் ஆக்சிஜன் தேவையோ கூடிவிடும். நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறியை ஓடவிட்டால் சில டிகிரி குறையும். ஆனால் காற்றில் ஈரம் மிகுந்த ஊர்களில் அதன் பலன் சொற்பமே. கோடையில் அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும் வீடுகளில் சில்லர் எனும் நீர்குளிர்விப்பான் இல்லாமல் இம்மீனை வளர்க்க முற்படக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஓர் இணைக்கு 60 செ.மீ. நீளமுள்ள தொட்டி போதும். உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். மென்மணலைப் பரப்பி, அதன்மேல் தட்டையான கற்களைச் சிறு குகைகள் அமையும்படி வைக்கவும். கல்லின் அடியை மீன் தோண்டக்கூடும் என்பதால், பெரிய கற்களைத் தொட்டியின் அடித்தளத்திலேயே அமர்த்திய பிறகு மணலை இடுவது நல்லது. ஃபில்டரின் நீர்ப்போக்கு தரையை ஒட்டிச் செல்லட்டும். தொட்டிக்கு மூடி அவசியம்.

உலர் தீவனத்தை இம்மீன்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. உறைந்த ரத்தப்புழு, டாப்னியா (நன்னீரில் வாழும் நுண்ணிய ஓட்டுயிரி), ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும், இறால் போன்ற சிற்றுயிரி) ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். மேல்நீரில் நீந்தும் ஒயிட் கிளவுட் மீன்களும் குளிர்நீரையே விரும்புவதால் நல்ல துணையாகும்.

ஆண்கள் எல்லை வகுத்துக்கொண்டு, செந்நிறக் குறிகள் கொண்ட தொண்டைத் தோலை விரித்து மோதிக்கொள்ளும். பார்க்கத் திகட்டாத காட்சி அது. பெண் குகையின் கூரையில் முட்டைகளை ஒட்டிவிட, அவை பொரியும் வரை ஆண் காவலிருக்கும். இவ்வினத்தின் பல உறவினங்களில் குஞ்சுகள் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டால்தான் வளரும். இதன் குஞ்சுகளோ நன்னீரிலேயே தரையில் தங்கி, புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவை உண்ணத் தொடங்குகின்றன. அவற்றைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனித் தொட்டியில், அதே குளிர்ச்சியில் வைக்க வேண்டும்.