‘ரிசிண்ட்’: கடிதத்தில் வந்தால் எப்படிப் படிப்பது, நாமே எழுதினால் எப்படி எழுதுவது

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புறப் பட்டணங்களில் மூயட் என்ற பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் சொற்பட்டியலைப் பார்த்தால், ‘ரிசிண்ட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிரே ‘ரத்து செய்’ என்று இருக்கும். கேன்சல், ரிவோக், ரிப்பீல் எல்லாவற்றுக்கும் எதிரே அதேதான். மலாயிலும் ‘பத்தால்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் முடியாது. வேலைக் கடிதத்திலோ வீட்டு ஒப்பந்தத்திலோ இந்தச் சொல் வந்தால் அதற்குத் தனிப் பொருள் உண்டு.

படி 1: ஒலியும் எழுத்தும்

எழுத்து: ஆர், இ, எஸ், சி, ஐ, என், டி. நடுவில் உள்ள ‘சி’ ஒலிக்காது. அழுத்தம் இரண்டாம் அசையில்: ரி-சிண்ட். இறந்தகாலம் ரிசிண்டட். பெயர்ச்சொல் ரிசிஷன், அதில் ‘என்’னும் ‘டி’யும் போய் இரட்டை ‘எஸ்’ வரும். எழுத்துப்பிழை அதிகம் விழுவது இங்கேதான்.

இதைவிடப் பெரிய தொல்லை காதில். ‘ரீசெண்ட்’ என்றால் மறுபடியும் அனுப்புவது. நிறுவனத்திலிருந்து போன் செய்து “யுவர் ஆஃபர் ஹேஸ் பீன் ரிசிண்டட்” என்கிறார்கள். கேட்பவர் கடிதத்தை மறுபடியும் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து ஈமெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். வேலையே கைவிட்டுப் போயிருக்கும். சந்தேகம் வந்தால் “டூ யூ மீன் வித்ட்ரான்?” என்று அப்போதே கேட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் இது தலைகீழாகவும் நடக்கும்: “ப்ளீஸ் ரிசிண்ட் தி ஃபார்ம்” என்று எழுதினால், படிவத்தை மறுபடியும் அனுப்பச் சொன்னதாக ஆகாது.

படி 2: பொருள்

லத்தீனில் ‘ஸ்கிண்டெரே’ என்றால் வெட்டு, கிழி. அங்கிருந்து வந்த சொல் இது. ஏற்கெனவே எடுத்த முடிவை, கொடுத்த உத்தரவை, செய்த ஒப்பந்தத்தை, அதன்மேல் அதிகாரம் உள்ளவர் திரும்பப் பெறுவதுதான் ரிசிண்ட். அப்படி ஒரு முடிவு முதலில் நடப்பில் இருக்க வேண்டும். அதைத் திரும்பப் பெறுபவருக்கு உரிமையும் இருக்க வேண்டும். மழை வந்து பள்ளி விளையாட்டுப் போட்டி நின்றால் அது கேன்சல். ஈப்போவுக்குப் போட்ட பஸ் டிக்கெட்டும் கேன்சல். அங்கே ரிசிண்ட் போட்டால் சிரிப்பார்கள்.

படி 3: எதை ரிசிண்ட் செய்யலாம்?

ஆஃபர், ஆர்டர், டிசிஷன், ரெசல்யூஷன், காண்ட்ராக்ட், இன்விடேஷன். ஆளை ரிசிண்ட் செய்ய முடியாது. “தே ரிசிண்டட் மீ” தவறு. “தே ரிசிண்டட் மை ஆஃபர்” சரி. பின்னால் ‘ஃப்ரம்’, ‘பேக்’ ஒட்ட வேண்டாம்; திரும்பப் பெறுதல் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

படி 4: பக்கத்து வீட்டுச் சொற்கள்

லைசென்ஸ், பெர்மிட், பட்டம் போன்றவற்றைக் கொடுத்தவர் பறித்தால் ரிவோக். நாடாளுமன்றம் சட்டத்தை நீக்கினால் ரிப்பீல். 2018ல் நம் நாட்டில் ஜிஎஸ்டி என்ற பொருள் சேவை வரி போனது அப்படித்தான். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 150ஆம் பிரிவு, உட்பிரிவு 3ஐ ஆங்கிலத்தில் படித்துப் பாருங்கள். அவசரகாலப் பிரகடனம் முன்னதாகவே மீட்டுக்கொள்ளப்பட்டால் அதற்கு ‘ரிவோக்’. நாடாளுமன்ற இரு அவைகளும் தீர்மானம் போட்டு நீக்கினால் ‘அனல்’. ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வினை, ஏனென்றால் செய்கிறவர் வேறு, வழி வேறு. சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு வாக்கியம் அதிகம் சொல்லித்தரும்.

படி 5: வாக்கியம்

“தி கமிட்டி ரிசிண்டட் இட்ஸ் டிசிஷன் ஆஃப்டர் தி பேரண்ட்ஸ் ஆப்ஜெக்டட்.” செய்தது யார் என்று சொல்ல விருப்பமில்லாத நிறுவனங்கள் செயப்பாட்டு வினையில் எழுதும்: “தி ஆஃபர் இஸ் ஹியர்பை ரிசிண்டட்.” தேர்வுக் கட்டுரையில் ஒருமுறை போதும். பேச்சில் ‘வித்ட்ரா’, ‘டேக் பேக்’ இருக்கும்போது இது எதற்கு?

படி 6: ஒப்பந்தக் கடிதத்தில் வந்தால்

இங்கே நிதானமாகப் படிக்க வேண்டும். ‘டெர்மினேட்’ என்றால் ஒப்பந்தம் இன்றோடு நிற்கிறது. இதுவரை நடந்தது நடந்ததுதான். ‘ரிசிண்ட்’ என்றால், கண்டிப்பான பொருளில், ஒப்பந்தமே நடக்காதது போல இரு தரப்பும் பழைய நிலைக்குத் திரும்புவது. மலேசிய ஒப்பந்தச் சட்டம் 1950ன்படி வற்புறுத்தல், மோசடி, தவறான தகவல் இவற்றால் பெற்ற சம்மதம் என்றால் பாதிக்கப்பட்டவர் ஒப்பந்தத்தை ரிசிண்ட் செய்யலாம். அப்படிச் செய்கிறவர் தான் வாங்கிய பலனைத் திருப்பித் தர வேண்டும் என்று 65ஆம் பிரிவு சொல்கிறது.

ஓர் உதாரணம்: பழைய கார் ஒன்றுக்கு 2,000 வெள்ளி முன்பணம் கட்டியாயிற்று. வாங்குபவர் பொய்த் தகவல் கொடுத்தார் என்று சொல்லி விற்பவர் ரிசிண்ட் செய்கிறார் என்றால், கையில் வாங்கிய 2,000 பற்றியும் அவர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் தவணை கட்டத் தவறியதற்காக ஒப்பந்தத்தை முறிக்கும்போதும் சிலர் கடிதத்தில் ‘ரிசிண்ட்’ என்றே எழுதுகிறார்கள். அங்கே முன்பணத்தைப் பறிமுதல் செய்யப் பார்ப்பார்கள். அதற்குரிய சொல் ‘ஃபோர்ஃபிட்’. ஆகவே ரிசிண்ட் என்ற சொல்லைக் கண்டதும் நிறுத்திவிடாமல், அடுத்த இரண்டு வரிகளில் ‘ரிஃபண்ட்’ இருக்கிறதா, ‘ஃபோர்ஃபிட்’ இருக்கிறதா என்று தேடுங்கள். அசல் ஒப்பந்தத்தையும் ரசீதையும் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். தொகை பெரிது என்றால் பதில் எழுதுமுன் வழக்கறிஞரிடமோ அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையிடமோ காட்டுங்கள்.

சின்னத் தொகை என்றால் பதில் கடிதத்துக்கு இவ்வளவே போதும், தேதி, தொகை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்: “ஐ ரெஃபர் டு யுவர் லெட்டர் டேட்டட் 3 மார்ச், ரிசிண்டிங் அவர் அக்ரிமெண்ட். ப்ளீஸ் ஸ்டேட் தி கிரவுண்ட்ஸ், அண்ட் கன்ஃபர்ம் தி டேட் ஆன் விச் மை டெபாசிட் ஆஃப் ஆர்எம் 2,000 வில் பி ரிஃபண்டட்.”