எரிமலை நிலத்தில் ஒரு வார நடைப்பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழிகாட்டியுடன் ஒரு வார காலம் எரிமலை நிலங்களில் நடப்பதற்குப் பதிவு செய்பவர்கள் பலரும், "நாம் மேலே இருக்கும்போது மலை வெடித்துவிட்டால்?" என்ற கேள்வியோடுதான் புறப்படுகிறார்கள். கேள்வி நியாயமானது; அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் அந்த வாரத்தைப் பாதியில் முறித்துப்போடுபவை பெரும்பாலும் வெடிப்புகள் அல்ல; அடி கழன்ற காலணி, மூன்றாம் நாள் முழங்கால், யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்ட ஆஸ்துமா ஆகியவைதாம். மலையைப் பற்றி வழிகாட்டிக்குத் தெரியும். உங்கள் உடம்பையும் முதுகுப்பையையும் பற்றி உங்களுக்கு மட்டுமே தெரியும். "எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார்" என்று இந்த இரண்டாவது பொறுப்பையும் அவர் தலையில் கட்டிவிடுவதிலிருந்தே கீழே சொல்லும் தவறுகளில் பாதி பிறக்கின்றன.

முதல் தவறு வீட்டில், பயணத் திட்டத்தைப் படிக்கும்போதே நடந்துவிடுகிறது. "இரண்டாம் நாள்: 12 கிலோமீட்டர்" என்று போட்டிருப்பதைப் பார்த்ததும், தினமும் காலையில் 6 கிலோமீட்டர் நடக்கிறவர், அதைப்போல இரண்டு மடங்குதானே என்று கணக்குப் போட்டுவிடுகிறார். மலைநடைக்கான நேரத்தைக் கணிக்க ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு கணக்கைச் சொன்னார்: மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். கால் பதியும் தரைக்கும் நல்ல உடல்நிலைக்கும் பொருந்துகிற அந்தக் கணக்கு, சரிந்துகொண்டே இருக்கும் எரிமலைச் சரளையில் பொய்த்துப்போகும். நியூசிலாந்தின் டோங்கரிரோ ஆல்பைன் கிராசிங் சுமார் 20 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்கு 7 முதல் 8 மணி நேரம் பிடிக்கிறது. அதிலும் ரெட் கிரேட்டர் உச்சியிலிருந்து எமரால்டு ஏரிகளுக்கு இறங்கும் துண்டு வரைபடத்தில் விரல்நகத்தளவு இருந்தால் அதிகம். நேரில் அங்குதான் பலருக்குக் கால் நடுங்குகிறது. எனவே பயணத்தை ஏற்பாடு செய்பவரிடம் தூரத்தைக் கேட்பதோடு நிற்காமல், அன்றைக்கு மொத்தம் எத்தனை மீட்டர் இறக்கம், அந்த இறக்கத்தில் காலுக்கடியில் என்ன இருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காலுக்கடியில் இருப்பது ஒரே வகையான கல் அல்ல என்பதுதான் எரிமலை நிலத்தின் தனித்தன்மை. கயிறு திரித்ததுபோல மடிப்பு மடிப்பாக, வழவழப்பாக உறைந்த எரிமலைக் குழம்புக்கு ஹவாய் மக்கள் வைத்த பெயர் பாஹோயிஹோயி. கரடுமுரடாக, கத்தி முனைகளைக் குவித்ததுபோல உறைந்ததற்கு ஆஆ. உலகெங்கும் எரிமலையியலாளர்கள் இந்தச் சொற்களையே பயன்படுத்துகிறார்கள். முதல் வகையில் நடப்பது எளிது. ஆனால் அதன் மேலோடு சில இடங்களில் உள்ளே வெற்றிடத்தை வைத்துக்கொண்டு மெல்லிய கூரையாக நிற்கும். இரண்டாவது வகையில் விழுந்து கையூன்றினால் உள்ளங்கை கிழியும். வெயில் நாளிலும் வழிகாட்டிகள் கையுறை எடுத்துவரச் சொல்வது அதற்காகத்தான். மூன்றாவதாக வரும் எரிமலைச் சரளையில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அது ஆழமாகக் குவிந்திருக்கும் சரிவில் குதிகாலை அழுத்தி ஊன்றி, ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் வழுக்கவிட்டே இறங்கலாம். அதே சரளை கெட்டிப் பாறையின் மேல் ஒரு விரல் கனத்துக்குப் பரவிக் கிடந்தாலோ, பளிங்குத் தரையில் கடுகைக் கொட்டியதுபோலத்தான். அங்கே குதிகாலை ஊன்றினால் மல்லாந்து விழ வேண்டியதுதான். சிறு சிறு அடிகளாக, முழுப் பாதமும் பதிய, உடம்பைப் பின்னால் சாய்க்காமல் இறங்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு சரிவும் ஒரே கறுப்புதான். முன்னால் போகிறவரின் கால் எவ்வளவு புதைகிறது என்று பார்த்தாலே எது எதுவென்று தெரிந்துவிடும்.

காலணி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். புதுக் காலணியைப் பயணத்தின் முதல் நாளில் போடக் கூடாது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதற்கு நேரெதிரான தவறைத்தான் யாரும் சொல்வதில்லை: ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வாங்கி, இரண்டு முறை மட்டும் போட்டு, அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த "நல்ல" பூட்ஸ். பல மலைநடைக் காலணிகளின் அடிப்பாகத்துக்கும் மேற்பாகத்துக்கும் நடுவில் பாலியூரிதேன் அடுக்கு ஒன்று உண்டு. காற்றிலுள்ள ஈரம் ஆண்டுக்கணக்கில் அதைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள், கூரிய பாறைகளின் நடுவே, அடிப்பாகம் முழுதும் வாயைப் பிளந்துகொண்டு தொங்கும், உள்ளிருந்து ரொட்டித்தூள்போல உதிரும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே அந்த நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ உதிர்வோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கூடவே, கணுக்காலைச் சுற்றிக் கட்டும் கெய்ட்டர் இல்லாவிட்டால், சரளை இறக்கத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை காலணியைக் கழற்றிக் கொட்ட நேரும். குழு முழுவதும் உங்களுக்காகக் காத்து நிற்கும்.

ஒரு வாரத்தை ஏழு தனித்தனி நாள்களாக நினைப்பது அடுத்த தவறு. இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே எடையைத் தாங்குகின்றன. அந்த வேலையால் வரும் வலி உடனே தெரியாமல், ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் உச்சத்தைத் தொடும். முதல் நாள் உற்சாகத்தில் வழிகாட்டியை முந்திக்கொண்டு இறங்கியவர், மூன்றாம் நாள் காலையில் படுக்கையிலிருந்து எழும்போது கட்டிலைப் பிடித்துக்கொள்வது இதனால்தான். முதல் இரண்டு நாள் இறக்கங்களில் ஊன்றுகோல்களைச் சற்று நீட்டிப் பிடித்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டால் பாதித் துன்பம் குறையும். வலி இருந்தால் வழிகாட்டியிடம் காலைச் சாப்பாட்டின்போது சொல்லுங்கள். அப்போது குறுகிய பாதையைத் தேர்ந்தெடுக்க அவருக்கு வழி உண்டு. பாதிச் சரிவில் சொன்னால் உங்களோடு திரும்பி நடப்பதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய இயலாது.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: நல்ல மழை பெய்யும் எரிமலைத் தீவிலும் பாதையோரம் ஓடையை எதிர்பார்க்காதீர்கள்; நுண்துளைப் பாறையும் சரளையும் மழையை அப்படியே உறிஞ்சி உள்ளே அனுப்பிவிடும். நிழலும் இராது. குளிர்ந்த காற்று வீசுவதால் வெயில் உறைப்பது தெரியாது; ஆனால் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக்கதிர்கள் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகின்றன. கடலிலிருந்தே நேராக எழும் மலைகளில் உயரமும் ஏமாற்றும். ஸ்பெயினின் டெனெரிஃபே தீவில் காலையில் கடற்கரையில் இருந்தவர், டெய்டே மலையின் கேபிள் காரில் அன்று பகலுக்குள் 3,555 மீட்டரில் போய் நின்றுவிடலாம். உடம்பு பழகிக்கொள்ள அவகாசமே இல்லை. அங்கே வரும் தலைவலியைக் களைப்பு என்று எண்ணி அதற்கு மேலும் ஏறக் கூடாது.

வாயுக்களைப் பொறுத்தவரை மூக்கை நம்புவதுதான் பெரிய தவறு. அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடியதும் முகரும் உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் நின்றுவிட்டதால் வாயு விலகிவிட்டது என்று பொருளல்ல. கார்பன் டை ஆக்சைடுக்கோ நாற்றமே கிடையாது. காற்றைவிடக் கனமானதால் பள்ளங்களில் தேங்கி நிற்கும். கலிஃபோர்னியாவின் மாமத் மலையில் 2006இல், வாயு வெளியேறும் துவாரத்தருகே பனியில் உருவான குழிக்குள் விழுந்த இருவரும் அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஒருவருமாக, பனிச்சறுக்குக் காவல் பணியாளர்கள் மூவர் உயிரிழந்தனர். காற்றுக்கு ஒதுங்கிச் சாப்பிடலாம் என்று வாயு கசியும் பகுதியின் பள்ளத்தில் அமர்வது எப்படிப்பட்ட யோசனை என்பதை இதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். தூசிக்கான முகக்கவசம் சாம்பலைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. சல்பர் டை ஆக்சைடு ஆஸ்துமாவைக் கிளறிவிடும் என்பதால், அந்தத் தொல்லை உள்ளவர்கள் முதல் சந்திப்பிலேயே வழிகாட்டியிடம் சொல்லி, இன்ஹேலர் பையின் எந்த அறையில் இருக்கிறது என்பதையும் காட்டிவிட வேண்டும்.

பாதையை விட்டு இறங்குவதில் இரு வகைக் கேடு உண்டு. வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றியுள்ள தரை சில இடங்களில் அப்பளத்தைப் போல மெல்லியது. யெல்லோஸ்டோன் பூங்காவில் 2016இல் மரப்பாதையை விட்டு வெகுதூரம் விலகிச் சென்ற ஒருவர் கொதிக்கும் ஊற்றில் விழுந்து இறந்தார். மற்றொன்று நிலத்துக்கு நாம் செய்யும் கேடு. ஐஸ்லாந்தின் பழங்குழம்பு வெளிகளை மூடியிருக்கும் பாசி, ஒரு காலடியில் பெயர்ந்தால் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இனி, தொடக்கத்தில் தள்ளிவைத்த கேள்வி. எச்சரிக்கை நிலை தாழ்வாக இருந்தால் மலை பாதுகாப்பானது என்று படிப்பது தவறு. ஜப்பானின் ஒன்டாகே 2014 செப்டம்பர் 27 அன்று, ஒரு சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன், வெடித்தபோது ஐந்து நிலைகளில் மிகத் தாழ்ந்த முதல் நிலையில்தான் இருந்தது. 58 பேர் இறந்தனர், 5 பேர் கிடைக்கவே இல்லை. "இயல்பு நிலை" என்றிருந்த அந்த நிலையின் பெயரை, "செயலில் உள்ள எரிமலை என்பதை நினைவில் கொள்க" என்ற பொருளில் ஜப்பான் பின்னர் மாற்றியது. நிலத்தடி நீர் திடீரென நீராவியாகிப் பீறிடும் இவ்வகை வெடிப்புகளுக்கு முன்னறிகுறி மிகக் குறைவு. அதோடு, எண்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும்: நியூசிலாந்தில் 0 முதல் 5 வரை, இந்தோனேசியாவில் நான்கே நிலைகள். 2019 டிசம்பர் 9 அன்று 22 உயிர்களைப் பறித்த நியூசிலாந்தின் வகாரி எரிமலைத் தீவு அப்போது 2ஆம் நிலையில் இருந்தது. அந்நாட்டு அளவுகோலில் வெடிப்பு தொடங்குமுன் அதுவே மேல்நிலை. 2023 டிசம்பரில் 24 பேர் மாண்ட சுமத்திராவின் மராப்பியில், எரிமலை வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் நெருங்க வேண்டாம் என்ற அறிவுரை ஏற்கெனவே இருந்தது.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் நடைமுறை எளியது. எரிமலை வாயின் விளிம்பில் தங்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்; அங்கே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு மணி நேரம் உட்காரத் தேவையில்லை. தலைக்கவசம் தந்திருந்தால் அது பையில் தொங்கக் கூடாது, தலையில் இருக்க வேண்டும். கற்கள் பறந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவதைவிட, அருகிலுள்ள பாறைக்கோ மேட்டுக்கோ பின்னால் ஒதுங்கி, கற்கள் எங்கே விழுகின்றன என்று பார்த்துக்கொண்டு, அவை நின்றதும் பள்ளத்தாக்கைத் தவிர்த்து மேட்டின் வழியாக விலகுவது நல்லது. வழிகாட்டி திரும்பலாம் என்றால் அதற்கான காரணத்தைக் கீழே வந்து கேட்டுக்கொள்ளலாம். பணம் கட்டியிருக்கிறோமே என்று விளிம்பில் நின்று அவரோடு வாதாடுபவர், அவரது கவனத்தை மலையிலிருந்து தம் பக்கம் திருப்புகிறார்.

காகித வேலைகளில் இரண்டு மட்டும் அடிக்கடி தவறிப்போகின்றன. டெய்டே உச்சிக்கு ஏறும் கடைசிப் பாதைக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். இத்தகைய அனுமதிகளை யார் எடுப்பது, நீங்களா ஏற்பாட்டாளரா, என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். பயணக் காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரை நடைப்பயணம் அடங்கும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். கடைசி நாள் இரவில், காலணியின் அடிப்பள்ளங்களில் சிக்கிய சரளையையும் மண்ணையும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். நியூசிலாந்து போன்ற நாடுகளில் நுழையும்போது பயன்படுத்திய நடைக்காலணிகளை அறிவிக்க வேண்டும், அவை சுத்தமாக இருக்கவும் வேண்டும். அப்படியே சட்டைப்பையையும் ஒரு முறை தடவிப் பாருங்கள். எரிமலைக் கல்லை எடுத்துச் செல்வதைப் பல பூங்காக்கள் தடைசெய்திருக்கின்றன, அது எவ்வளவு சிறிய கல்லாக இருந்தாலும்.