கேரள எல்லையில் புளியரை வழியை அடைத்தால் எத்தனை மணி நேரம் தாங்குவீர்கள்?

தென்காசி பக்கம் பாவூர்சத்திரத்தில் எங்கள் காய்கறிக் கமிஷன் கடையில் அப்பா இருந்தவரை ஆபத்துக்கு ஒரே மருந்து எலுமிச்சம்பழம்தான். சாமி படத்துக்கு முன்னால் ஒன்று, லாரி டயருக்கு அடியில் ஒன்று. புளியங்குடி பக்கத்தில் இருப்பதால் பழத்துக்குப் பஞ்சமில்லை. கடை என் கைக்கு வந்த பிறகும் எலுமிச்சையை நிறுத்தவில்லை. கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு சேர்ந்துகொண்டது. அந்த நோட்டை எப்படிப் போடுவது என்று சொல்கிறேன். மலையாளத்துக்குக் காய் ஏற்றும், ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சின்னக் கடைக்காரர்களுக்கு இது. பத்து லாரி வைத்திருப்பவர்கள் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

முதல் பக்கத்தில் உங்கள் காய் போகிற வழியைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். அங்கே வாங்குகிற சேட்டன் (மலையாளக் கடைக்காரர்), இறக்குகிற ஆள், புனலூர் ரோடு, ஆரியங்காவு, புளியரை, டிரைவர், வண்டி, தார்ப்பாய், ட்ரே, லோடுமேன், ஏலம், சம்சாரி (விவசாயி), அவர் கிணறு. ஒன்றையும் அற்பமென்று விடாதீர்கள். நான் முதலில் எழுதியபோது ட்ரேயை விட்டுவிட்டேன். அதன் கதை பின்னால் வருகிறது.

ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்று, இது நின்றுபோனால் மறுபடி ஓட எவ்வளவு நேரம் ஆகும். இன்னொன்று, இது இல்லாமல் என் வியாபாரம் எவ்வளவு நேரம் ஓடும். மீளும் நேரம், தாங்கும் நேரம். தாங்கும் நேரத்தைவிட மீளும் நேரம் பெரியதாக இருக்கிற வரியில் சிவப்பு மையால் கோடு போடுங்கள். காசு செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். மற்றதற்கு எலுமிச்சை போதும்.

இது என் சொந்தப் புத்தி கிடையாது. கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்த என் அண்ணன் மகன் கொண்டுவந்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியர் டேவிட் சிம்சி-லெவி, ஃபோர்டு கார் கம்பெனியோடு சேர்ந்து செய்த ஆராய்ச்சி, 2014ல் வெளிவந்தது. வெள்ளம் வருமா, தீப்பிடிக்குமா என்று ஆரூடம் பார்ப்பதை அவர் தள்ளிவைத்துவிட்டார். எதனால் நின்றால் என்ன, நின்றது நின்றதுதானே? எத்தனை நாளில் மீளும் என்று மட்டும் கேட்டார். பார்த்தால், அதிகக் காசு கொடுத்து வாங்கும் சாமான்தான் பெரிய ஆபத்து என்றில்லை. மலிவான சின்னச் சாமானும் கம்பெனியையே நிறுத்திவிடும். "அத்தை, நம்ம கடையில அது எதுன்னு பாருங்க" என்றான். பார்க்கவே வேண்டாம், எனக்குத் தெரியும்.

2018 ஆகஸ்ட். ஓணம் 25ஆம் தேதி. அதற்குப் பத்து நாள் முன்னால் கேரள வெள்ளத்தில் செங்கன்னூர் தண்ணீருக்குள் போனது. அங்கே எங்கள் காய் போகும் கடையின் குடோனில் எங்கள் ட்ரே அறுநூறில் நானூறுக்கு மேல் கிடந்தது. காலி ட்ரேதானே, அடுத்த வண்டியில் வரும் என்று விட்டுவைத்திருந்தோம். கொல்லம் பக்கம் வாங்குவதற்கு ஆள் இருந்தது, இங்கே தக்காளி இருந்தது, வண்டியும் இருந்தது. போட்டு ஏற்ற ட்ரே இல்லை. சாக்கில் கட்டி அனுப்பினேன். புனலூரில் இறக்கும்போது பாதி ரசம். ஐந்து நாள் இப்படியே போனது. இன்று ட்ரே வரியில் மீளும் நேரம் ஐந்து நாள், தாங்கும் நேரம் ஒரு நாள் என்று எழுதியிருக்கிறேன். அதனால் நூறு ட்ரே எப்போதும் வெளியே போகாமல் கடை மச்சில் இருக்கும். ஒரே சேட்டனிடம் நூற்றைம்பதுக்கு மேல் தேங்க விடுவதில்லை.

அடுத்து ரோடு. கொல்லத்துக்கு நமக்குப் புளியரைதான் பக்கம், சுமார் 115 கிலோமீட்டர். எஸ் வளைவில் ஒரு கல் லாரி சாய்ந்தால் ஐந்தாறு மணி நேரம் அம்பேல். மாற்று வழி நெல்லை, நாகர்கோவில், களியக்காவிளை. தூரம் இருமடங்குக்கும் மேல். ஆனால் அது நேர் எதிர்த்திசை. செங்கோட்டை தாண்டிய பிறகு அந்த ஞானம் வந்து பிரயோஜனமில்லை. ஆகவே முடிவைத் தார்ப்பாய் கட்டுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். புளியரையில் ஒரு டீக்கடைக்காரர் நம்பரும், அந்தப் பக்கமிருந்து திரும்பி வரும் இரண்டு டிரைவர் நம்பரும் நோட்டின் அட்டையிலேயே இருக்கட்டும். கோட்டயத்துக்குக் குமுளி வழி போகிறவர்கள் 2011 டிசம்பரை மறந்திருக்க மாட்டார்கள். முல்லைப் பெரியாறு தகராறில் அந்த வழி நாள்கணக்கில் கிடந்தது. 2021 அக்டோபரில் அதே வழியை ஒட்டி முண்டக்கயம் பக்கம் கூட்டிக்கல்லில் மண் சரிந்தது. ஒரே கணவாயை நம்பிப் பிழைக்கிறவர்கள் நாம். ஹர்த்தால் என்ற முழு அடைப்பு மட்டும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 2019 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது.

சந்தேகமான நாளில் இன்னொரு வழி, லோடை மாற்றுவது. தக்காளி, வெண்டை, சீனியவரைக்குத் தாங்கும் நேரம் ஒரு ராத்திரி. தடியங்காய் (நீர்ப்பூசணி), பூசணி, சேனைக்கு வாரக்கணக்கு. மலையில் மழை கொட்டுகிறது என்று தகவல் வந்தால் அன்றைக்கு வண்டியில் தடியங்காயைக் கூட்டி, தக்காளியைக் குறைத்துவிடுவேன். லாபம் குறையும், ரோட்டோரத்தில் கொட்டிவிட்டு வரவேண்டியிருக்காது.

ஓணத்து ஆர்டரை அப்படியே நம்பாதீர்கள். ஐம்பது கேட்டால்தான் முப்பது கிடைக்கும் என்று கடைக்காரர் ஐம்பது சொல்வார். மொத்தக் கடைக்காரர் தன் பங்குக்கு அதை எழுபதாக்குவார். நான் பயந்து எண்பது ஏலம் எடுப்பேன். சம்சாரி அதைப் பார்த்து அடுத்த போகம் முழுக்க வெண்டை போடுவார். சாட்டையைச் சொடுக்கினால் பிடி ஒரு சாண் அசையும், நுனி ஊரையே சுற்றி வரும். இதற்குச் 'சாட்டை விளைவு' என்றே பெயர். ஹாவ் லீ என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 1997ல் விளக்கி எழுதினார்கள். குழந்தைகள் கட்டுகிற டயப்பர் வியாபாரத்தில்கூட இதே கூத்துதானாம்; பிள்ளைகள் நனைப்பது என்னவோ தினமும் ஒரே அளவுதான். மருந்து எளிது: "எவ்வளவு வேணும்?" என்று கேட்பதை விட்டு, "நேத்து எவ்வளவு வித்தது, மிச்சம் எவ்வளவு?" என்று கேளுங்கள். மூன்று நாள் விற்பனையை நோட்டில் எழுதி, அதைப் பார்த்து ஏலம் எடுங்கள். சேட்டன்கள் முதலில் முறைப்பார்கள். மிச்சத்தை அடுத்த நாள் விலையில் கழித்துத் தருகிறேன் என்றேன், பழகிக்கொண்டார்கள்.

இனி, நோட்டின் பின்பக்கம். 'நிலைத்த வளர்ச்சி' என்று மேடையில் பேசுவார்கள். எனக்கு அது டீசல், அழுகல், பூச்சிமருந்து, ரிட்டர்ன் லோடு என்று நாலே வரி. எங்கள் வண்டி லோடோடு லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுக்கும், காலியாக எட்டு. கொல்லம் போய் வர சுமார் 33 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.68 கிலோ கரியமில வாயு. ஆக ஒரு நடைக்கு 88 கிலோ. நாலு டன் காய் என்றால் கிலோவுக்கு 22 கிராம். இதில் கால்வாசிக் காய் அழுகினால், மிஞ்சுகிற கிலோவுக்குப் புகையும் கூடும், செலவும் கூடும். அதனால் ட்ரே வாங்கியதைப் புண்ணியக் கணக்கில் எழுதவில்லை, டீசல் கணக்கில் எழுதினேன்.

மருந்து வரியைத் தள்ளிப்போடாதீர்கள். பூச்சிமருந்து எச்சம் பற்றி 2015ல் கேரளத்தில் பெரிய பேச்சு எழுந்து, தமிழ்நாட்டுக் காயை எல்லையிலேயே சந்தேகமாகப் பார்த்தார்கள். வெள்ளாயணியில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. சோதனை அங்கே நடக்கும். ஒரு சம்சாரி நேற்று அடித்து இன்று பறித்த கருவேப்பிலை உங்கள் மொத்த வண்டிக்கும் கெட்ட பெயர் வாங்கித் தரும். மருந்து டப்பாவில் அடித்த பிறகு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கும். சம்சாரி பெயருக்கு எதிரே அடித்த தேதியை எழுதி, நாள் ஆகாததை ஏலத்தில் எடுக்காமல் விடுங்கள். கோபிப்பார்கள். ஒரு சித்தப்பா முறைக்காரர் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கே வரவில்லை.

அடுத்து ரிட்டர்ன் லோடு. வண்டி காலியாக வருவதற்குப் பதில் பிளைவுட்டோ ரப்பரோ கிடைத்தால் டீசல் பாதி தேறும். பச்சைக் காய்க்கு இ-வே பில் (சரக்கு ஏற்றுவதற்கு ஆன்லைனில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு) கிடையாது, திரும்பி வரும் சரக்குக்கு உண்டு: 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் பில், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு. ஒன்று மட்டும் தொடவே கூடாது. "மூட்டைதான், வழியில எங்கயாவது தட்டிட்டுப் போங்க" என்று நல்ல வாடகை பேசி வருகிற சரக்கு. 2024 டிசம்பரில் நெல்லை பக்கம் நடுக்கல்லூரிலும் கொடகநல்லூரிலும் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிப்போட்டு, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகு கேரளமே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அந்த வேலையில் உங்கள் வண்டி மாட்டினால் மீளும் நேரம் என்று எந்த எண்ணை எழுதுவீர்கள்? டிரைவர் அண்ணாச்சியிடம் வாயால் சொன்னால் போதாது. காலி வண்டியாக வந்தாலும் அவருக்கு வரவேண்டிய படிப்பணம் குறையாது என்று எழுதிக் கொடுங்கள். படி குறையும்போதுதான் மூட்டை ஏறும்.

நோட்டை வருஷத்துக்கு ஒரு தரம், ஆடி பிறந்ததும் திருத்துங்கள். குற்றாலத்தில் சாரல் பிடிக்கும், ஓணத்துக்கும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். முதல் வேலையாக ஒவ்வொரு சேட்டனுக்கும் போன் போட்டு, நம்ம ட்ரே எத்தனை அங்கே கிடக்கிறது என்று கேளுங்கள். "எண்ணிட்டுப் பறயாம்" என்பார்கள். சொல்ல இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளையும் மீளும் நேரத்தில் சேர்த்து எழுதுங்கள்.