மாதிரிப் படகு எஞ்சினுக்கு வீட்டில் செய்யும் எரிபொருள் பம்பி

திருகோணமலையில் அவுட்போர்ட் எஞ்சின் திருத்தும் கடையொன்றில் அரை நாள் நின்று பார்த்தவருக்கு இந்தப் பம்பியின் பாதி முன்பே தெரிந்திருக்கும். மீன்பிடிப் படகுகளில் பூட்டும் இரண்டடிப்பு எஞ்சினின் பக்கவாட்டில் உள்ளங்கைக்குள் அடங்கும் பம்பி ஒன்று இருக்கும். அதற்கு மின்சாரமும் வேண்டாம், பற்சில்லும் வேண்டாம். பிஸ்டன் மேலேறும்போது கிராங்க் அறையில் அமுக்கம் குறைகிறது, கீழிறங்கும்போது கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைச் சிறு குழாயொன்று றப்பர்ச் சவ்வின் பின்புறத்துக்குக் கொண்டுவர, சவ்வு அசைந்து மறுபுறத்தில் எரிபொருளை உறிஞ்சித் தள்ளுகிறது. அதையே சிறிதாக்கி, 10 சிசி மெதனோல் எஞ்சின் பூட்டிய மாதிரிப் படகுக்குச் செய்துகொள்ளலாம். புல்வெட்டியின் பெற்றோல் எஞ்சினை அதன் சொந்தக் காபுரேற்றருடன் பயன்படுத்துபவருக்கு இந்த வேலை தேவையில்லை. அந்தக் காபுரேற்றருக்குள்ளேயே இத்தகைய பம்பி இருக்கிறது.

முதலில் ஒரு சிறு கணக்கு. இந்த அளவு எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் குடிக்கும். பம்பி அதன் இரு மடங்கைத் தரவேண்டும் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 12,000 சுற்றில் ஒரு சுற்றுக்கு 0.005 மில்லிலீற்றர் போதும். அது ஒரு துளியில் ஏறத்தாழப் பத்திலொன்று. எனவே சவ்வு பெரிதாக அசைய வேண்டியதில்லை. ஆனால் வால்வு அந்தப் பத்திலொரு துளியை ஒழுகவிட்டால் பம்பியே இல்லை. உழைப்பின் பெரும்பகுதியை வால்வு நாக்குகளிலேயே செலவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உடலுக்கு 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள அலுமினியத்தில் 30 மில்லிமீற்றர் சதுரமாக மூன்று தகடுகளை வெட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே நடப்பதைப் பார்க்கலாம் என்ற ஆசையில் பலர் கண்ணாடி போன்ற அக்ரிலிக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெதனோல் பட்டுப்பட்டு அது நுண்ணிய வெடிப்புகளாகப் பிளந்துவிடும். மூன்று தகடுகளையும் ஒன்றாகப் பிடித்து, மூலைகளில் விளிம்பிலிருந்து 4 மில்லிமீற்றர் உள்ளே நான்கு திருகாணித் துளைகளை இட்டால் அவை பின்னர் பிசகாமல் பொருந்தும்.

முதல் தகட்டில் 20 மில்லிமீற்றர் விட்டமும் 1.5 மில்லிமீற்றர் ஆழமும் உள்ள வட்டக் குழியைக் குடைந்து, அதற்குள் கிராங்க் அறையிலிருந்து வரும் பித்தளைக் குழாயைப் பொருத்த வேண்டும். நடுத்தகட்டில், சவ்வைப் பார்க்கும் முகத்தில் அதே விட்டத்தில் 2 மில்லிமீற்றர் ஆழமான குழி வரும். இவ்விரண்டுக்கும் இடையில் சவ்வு இறுகப் பிடிபடும். அவுட்போர்ட் பம்பிக்கு விற்கப்படும் சவ்வில், நடுவில் துளையில்லாத ஒன்றை வாங்கி அளவுக்கு வெட்டிக்கொள்வதே எளிது.

நடுத்தகட்டின் மறுமுகமும் மூன்றாம் தகடும் சந்திக்கும் இடத்திலேயே வால்வுகள் இருக்கின்றன. 12 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு துளை வரிசைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எரிபொருள் உள்ளே வரும் பக்கத்தில், மூன்றாம் தகட்டில் 2.5 மில்லிமீற்றர்த் துளையும் அதற்கு நேரே நடுத்தகட்டில் 6 மில்லிமீற்றர் அகலமும் 1.5 மில்லிமீற்றர் ஆழமும் உள்ள பள்ளமும் இருக்க வேண்டும். பள்ளத்தின் அடியிலிருந்து 3 மில்லிமீற்றர்த் துளை சவ்வறைக்குச் செல்லும். வெளியேறும் பக்கத்தில் இது அப்படியே தலைகீழாகும்: சிறு துளை நடுத்தகட்டில், பள்ளம் மூன்றாம் தகட்டில். நாக்கு எப்போதும் சிறு துளையின் மேல் படுத்து, பள்ளத்துக்குள் எழும்.

நாக்குகளுக்கு 0.1 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள பொலியெஸ்ரர்த் தாள் மிகப் பொருத்தமானது. பழைய எக்ஸ்-ரே படத்தைக் கழுவியும் முயன்று பார்த்தேன். அதன் தடிப்பு கூடுதலாக இருந்ததால் நாக்கு விறைத்து, வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. தாளைத் தகட்டின் அளவுக்கு வெட்டி, 4.5 மில்லிமீற்றர் அகலத்தில் லாட வடிவமாக இரு நாக்குகளைப் புதிய பிளேட்டினால் கீற வேண்டும். கீறும்போது பிளேட் வெளியேறும் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத விளிம்பொன்று மேலெழும். நகத்தால் வருடினால் அது தட்டுப்படும். அந்த விளிம்பு சிறு துளையின் பக்கம் இருந்தால் நாக்கு முழுதாகப் படியாது. இரு நாக்குகளும் எதிரெதிர்த் திசையில் படிவதால், ஒன்றை ஒரு பக்கத்திலிருந்தும் மற்றதைத் தாளைத் திருப்பிப் போட்டும் கீற வேண்டும்.

இந்த இடத்தில் மட்டும் கடதாசி காஸ்கற் வைக்கக் கூடாது. நான் செய்த முதல் பம்பியில் ஒழுக்குக்குப் பயந்து இரு பக்கமும் காஸ்கற் வைத்தேன். அதன் தடிப்பளவுக்கு நாக்குகள் எப்போதும் திறந்தே நின்றன, இரண்டு மாலைகள் வீணாயின. அதற்குப் பதிலாக இரு முகங்களையும் தடித்த கண்ணாடியின் மேல் வைத்த 600 இலக்க அரத்தாளில் தண்ணீர்விட்டு உரசிச் சமப்படுத்தி, ஆமணக்கெண்ணெயை மெல்லப் பூசி இறுக்கினால் போதும்.

எஞ்சினில் பூட்டுமுன் சோதித்துவிடுவது நல்லது. உள்வரும் குழாயைத் தண்ணீர்க் குவளையில் வைத்து, சவ்வின் பின்பக்கக் குழாயில் சிறிஞ்சொன்றை மாட்டி மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால், தண்ணீர் ஒரு சாண் உயரமாவது ஏறவேண்டும். கையை நிறுத்தியதும் அது சட்டென்று இறங்கினால் நாக்குகள் படியவில்லை என்று பொருள். சோதித்த பின் நன்றாக உலர்த்திவிடுங்கள்.

கிராங்க் அறையின் பின்மூடியைக் கழற்றிய பிறகே அதில் துளையிட்டு மரை வெட்ட வேண்டும். உள்ளே விழும் ஒரு சீவல் போதும், எஞ்சின் கெட்டுவிடும். குழாயின் நுனி உட்பக்கம் நீட்டக் கூடாது. பம்பிக்குச் செல்லும் இணைப்பு 8 சென்ரிமீற்றர் நீளத்துக்கு உட்பட்டதாகவும் தடித்த சுவருள்ளதாகவும் இருக்கட்டும்; நீண்ட மென்குழாய் அமுக்க ஏற்ற இறக்கத்தை விழுங்கிவிடும். பம்பியைக் கிராங்க் அறையைவிடச் சற்று உயரத்தில் பூட்டினால் அங்கே சேரும் எண்ணெய் தானாக வடிந்து திரும்பும். மெதனோலுக்குச் சிலிக்கன் குழாய் நல்லது; பெற்றோலில் அது ஊதிப் பெருத்துவிடும்.

பம்பியை நேரே காபுரேற்றருக்கு இணைத்தால் வேகத்துக்கு வேகம் அமுக்கம் மாறி, கலவை ஒரு நிலையில் நிற்காது. அதற்கு மேல்தாங்கி ஒன்றே என் தெரிவு. 30 மில்லிலீற்றர் அளவுள்ள பிளாஸ்ரிக் மருந்துப் போத்தலைக் காபுரேற்றரின் அருகில் நிறுத்தி, பம்பி அதை நிரப்ப, அடியிலிருந்து எஞ்சின் குடிக்கட்டும். காபுரேற்றரின் ஊசி மட்டத்துக்கு 15 மில்லிமீற்றர் மேலே வைத்த 5 மில்லிமீற்றர்க் குழாய், மிகுதியைப் பிரதான தாங்கிக்குத் திருப்பியனுப்பும். பம்பியின் குழாயைவிட இது அகலமாக இருந்தால்தான் காற்றும் போய்வரும். கச்சான் காற்று எழுந்து நீர் குதிக்கத் தொடங்கும் வேளையிலும், தாங்கியில் உருவாகும் குமிழிகள் மேல்தாங்கியிலேயே பிரிந்துவிடுவதால் எஞ்சின் திணறாது.

தாங்கியிலிருந்து மண்ணெண்ணெயை வாயால் உறிஞ்சி இறக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. மெதனோலில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். சிறிதளவு விழுங்கினாலும் கண்பார்வை பறிபோகலாம். அது எரியும்போது சுவாலை பகல் வெளிச்சத்தில் தெரியாது என்பதால், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்க வேண்டும்.

எஞ்சின் நின்றதும் மேல்தாங்கியிலிருந்து வரும் குழாயை உடனே கிளிப்பால் நெரித்துவிடுங்கள். மறந்தால் எரிபொருள் கிராங்க் அறையில் இறங்கி நிறைந்துவிடும். அந்த நிலையில் ஸ்ராட்டரைச் சுழற்றினால் வளைவது இணைப்புத் தண்டு.